கையுறைச் சட்டமும் கைரேகைச் சட்டமும்

(திருப்பூரில் நடந்த வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்குத் துணி துவைக்கவும் தூங்கவும் கிடைக்கிற ஒரே நாள் ஞாயிற்றுக்கிழமை. அந்த நாளை இந்தக் கூட்டத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி.

அறிவியல் புனைகதையும் சமூக விடுதலையும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். அது பெரிய கடல். நான் அதில் ஒரு சின்னப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர்களில் அடுத்தவர் மனத்தில் ஓடுவதைப் படிக்கத் தெரிந்த மனிதர்கள் வருவார்கள். டெலிபாத் என்று சொல்வார்கள். நாம் அவர்களை மனம் படிப்பவர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் எப்படி அடிமையாக்கப்படுகிறார்கள், எப்படி விடுதலை கேட்கிறார்கள், அந்தக் கதையிலிருந்து நாம் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் பேச்சு.

விண்வெளிக் கதைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். என் முனைவர் பட்ட ஆய்வு, பஞ்சாலை விடுதிகளில் தங்கி வேலை செய்யும் பெண்களைப் பற்றியது. பகலெல்லாம் அந்தப் பெண்களிடம் பேசிவிட்டு, இரவில் செல்போனில் நான் பார்த்த தொடர் பாபிலோன் 5. என் களக்குறிப்பில் இருந்த பேச்செல்லாம் அதில் வேறு உடை போட்டுக்கொண்டு வந்து நின்றது. அதனால்தான் இதைப் பேச வந்தேன்.

ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி என்பவர் உருவாக்கிய அமெரிக்கத் தொடர் அது. 1993-இல் முன்னோட்டப் படம் வந்தது. 1994 முதல் 1998 வரை ஐந்து பருவங்கள் ஒளிபரப்பானது. பல கோள்களைச் சேர்ந்தவர்களும் வந்து போகிற ஒரு விண்வெளி நிலையத்தில் கதை நடக்கிறது. அங்கே பூமியின் அரசு மனம் படிப்பவர்களுக்கென்று ஒரு சட்டம் வைத்திருக்கிறது. அந்தத் திறனோடு பிறந்துவிட்டால் உங்களுக்கு மூன்றே வழிதான். சை கோர் என்ற அரசு அமைப்பில் சேர வேண்டும். இல்லையென்றால் திறனை மழுங்கடிக்கும் ஊசியை வாழ்நாள் முழுக்கப் போட்டுக்கொள்ள வேண்டும். அதுவும் வேண்டாமென்றால் சிறை.

அமைப்பில் சேர்ந்தவர்கள் சட்டையில் அடையாளச் சின்னம் குத்தியிருக்க வேண்டும். பொது இடத்தில் எப்போதும் கறுப்புக் கையுறை போட்டிருக்க வேண்டும். தொட்டால் மனத்தைப் படிப்பது எளிதாகிவிடும் என்பது காரணம். பி-1 முதல் பி-12 வரை தரம் பிரித்திருப்பார்கள். மேல்தரத்தில் இருக்கிறவர்கள் போலீஸ். தப்பி ஓடுகிற மனம் படிப்பவர்களைப் பிடித்து வருவது அவர்கள் வேலை. அப்படி ஒரு போலீஸ்காரர்தான் கதையின் முக்கிய வில்லன் பெஸ்டர். அவரும் அதே அமைப்பில் வளர்ந்த மனம் படிப்பவர்தான். அடிமைகளை ஏணிப்படியில் நிறுத்திவைத்தால் ஒவ்வொருவரும் தனக்குக் கீழே இருப்பவரைக் காவல் காப்பார் என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. படிநிலைச் சமத்துவமின்மை என்று அண்ணல் அம்பேத்கர் சொன்னது அதைத்தான்.

பிறப்பைக் காரணமாகக் காட்டி ஒருவரைப் பதிவேட்டில் ஏற்றுகிற சட்டம் கற்பனை இல்லை. 1871-இல் பிரிட்டிஷ் அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911-இல் திருத்தப்பட்ட சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குற்றம் செய்தீர்களா என்று சட்டம் கேட்கவில்லை, எந்தச் சாதியில் பிறந்தீர்கள் என்று கேட்டது. பெயரைப் பதிய வேண்டும், ரேகை வைக்க வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்க வேண்டும், வெளியூர் போனால் சீட்டு வாங்க வேண்டும். நம் மக்கள் அதற்கு வைத்த பெயர் கைரேகைச் சட்டம். 1920 ஏப்ரல் 3 அன்று, இன்றைய மதுரை மாவட்டத்தில் இருக்கும் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உள்ளிட்டோர் கொல்லப்பட்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இலும், இந்தியா முழுக்க 1952 ஆகஸ்ட் 31 அன்றும்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கைரேகைச் சட்டத்தில் அடிபட்ட சாதிகளில் சில, இன்றைக்குத் தலித் மக்கள்மீது ஆதிக்கம் செலுத்துகின்றன. அரசிடம் அடிபட்டவர் என்பதாலேயே ஒருவர் தனக்குக் கீழே வைக்கப்பட்டவரோடு தோழமை கொண்டுவிட மாட்டார். பெஸ்டர் பாத்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

அடுத்து, அந்த அமைப்பு தன்னை என்ன பெயரில் அழைத்துக்கொள்கிறது என்று பாருங்கள். அமைப்புதான் உனக்குத் தாய், அமைப்புதான் உனக்குத் தந்தை என்று சிறுவயதிலிருந்தே சொல்லிக் கொடுக்கிறார்கள். சோறு, படிப்பு, உடை, பாதுகாப்பு எல்லாம் கிடைக்கும். வெளியே போனால் சாதாரண மனிதர்கள் உன்னை வெறுப்பார்கள், நாங்கள்தான் உன்னைப் பார்த்துக்கொள்வோம் என்பதே அவர்கள் வாதம்.

இந்த வாதத்தை நான் பல்லடம் பக்கத்திலும் கேட்டிருக்கிறேன், தாராபுரம் பக்கத்திலும் கேட்டிருக்கிறேன். "நாங்க பெத்தவங்க மாதிரி பாத்துக்கறோம்" என்று சொல்லித்தான் புரோக்கர் வீட்டுக்கு வருவார். சுமங்கலித் திட்டம் என்ற பெயர் உங்கள் எல்லோருக்கும் தெரியும். கேம்ப் கூலி என்றும் சொல்வார்கள். பதினைந்து, பதினாறு வயதுப் பெண்ணை மூன்று வருடம் மில் விடுதியில் விட வேண்டும். முடிவில் 30,000 ரூபாயிலிருந்து 50,000 ரூபாய் வரை மொத்தமாகத் தருவார்கள், கல்யாணச் செலவுக்கு ஆகும் என்பார்கள். 1961-இலேயே வரதட்சணையைத் தடை செய்த நாட்டில், வரதட்சணையைக் காட்டித்தான் ஆள் எடுத்தார்கள். அப்படிப் போனவர்களில் பெரும்பகுதி தலித் வீட்டுப் பெண்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் 2011-இல் இதை அறிக்கையாக வெளியிட்ட பிறகுதான் வெளிநாட்டு பிராண்டுகள் இதைப் பற்றிப் பேசவே ஆரம்பித்தன.

என் பெரியம்மா மகள் அப்படி ஒரு மில்லுக்குப் போனவள். செல்போன் கூடாது. பெற்றோர் மாதத்துக்கு ஒரு முறை வந்து பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனால் வார்டன் கூடவே வருவார். இரண்டரை வருடத்தில் மூச்சிரைப்பு வந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று வருடம் முடியவில்லை, அதனால் மொத்தப் பணம் இல்லை. பெரியம்மா போய்க் கேட்டதற்கு, அவ்வளவு நாள் சோறு போட்டதற்குக் கணக்குச் சொன்னார்கள். தாய் தந்தையாக இருந்தவர்கள் கடைசியில் கணக்குப்பிள்ளையாக மாறிவிட்டார்கள். அக்காவுக்கு இப்போது நாற்பது வயதாகப் போகிறது. அந்தப் பணம் இன்றுவரை வரவில்லை.

பாதுகாப்பு என்ற சொல்லை நாம் கவனமாகக் கேட்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். உள்ளே இருப்பவர் விரும்பினால் திறக்கக்கூடிய கதவு என்றால் அது பாதுகாப்பு. வெளியே இருப்பவர் சாவியை வைத்துக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் காவல்.

பாபிலோன் 5-இல் எனக்கு மிக நெருக்கமான பாத்திரம் லைட்டா அலெக்சாண்டர். அமைப்பிலிருந்து வெளியேறிய பெண். பெரிய போர் ஒன்றில் அவளுடைய திறனை எல்லோரும் பயன்படுத்திக்கொள்கிறார்கள். போர் முடிந்ததும் யாருக்கும் அவள் தேவைப்படவில்லை. அமைப்பின் உரிமம் இல்லாமல் வேலை கிடைக்காது. வாடகை கட்ட முடியாததால் சின்ன அறைக்கு மாறச் சொல்கிறார்கள். அந்த நேரம் பார்த்து பெஸ்டர் வருகிறார். பெயரளவுக்கு அமைப்பில் சேர்ந்துகொள், உரிமம் தருகிறேன், வேலை பார்த்துக்கொள், நீ இறந்த பிறகு உன் உடல் எங்களுக்கு வேண்டும் என்கிறார். அவள் ஒப்புக்கொள்கிறாள். மறுபடியும் கையுறை மாட்டுகிறாள்.

அவளை யாரும் அடித்து இழுத்துப் போகவில்லை. பசியே கொண்டுபோய் விட்டது. நம் நாட்டில் 1982-இல் உச்ச நீதிமன்றம், ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் இதைத்தான் சொன்னது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்ய ஒப்புக்கொள்கிறார் என்றால், பசியும் வறுமையும் அவரைக் கட்டாயப்படுத்துகின்றன என்றுதான் பொருள், அது அரசமைப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடை செய்திருக்கும் கட்டாய உழைப்பு என்றது அந்தத் தீர்ப்பு. "அவளாத்தானே கையெழுத்துப் போட்டா" என்று சொல்கிற முதலாளிக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

இன்னொரு செய்தி. சை கோர் அமைப்பில் யார் யாரைத் திருமணம் செய்ய வேண்டும் என்பதையும் அமைப்பே முடிவு செய்கிறது. மரபணுவைப் பொருத்திப் பார்த்து, இன்னும் வலிமையான பிள்ளைகள் பிறக்கும்படி ஜோடி சேர்க்கிறார்கள். பெஸ்டரின் திருமணமே அப்படி நடந்ததுதான். அவர் காதலித்தது வேறொரு பெண்ணை. அமைப்பை எதிர்த்த அவளும் அமைப்பின் முகாமில் அடைக்கப்பட்டிருந்தவள்தான். 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இளைஞர் அம்பேத்கர் படித்த கட்டுரை, அகமணமுறைதான் சாதியின் உயிர் என்று நிறுவியது. மனிதரைப் பிரித்து வைத்திருக்க நினைக்கிற எந்த அமைப்பும் திருமணத்தில்தான் முதலில் கை வைக்கும். நம் மாவட்டத்தில் இதற்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். கௌசல்யாவைக் காதலித்துத் திருமணம் செய்ததுதான் அவர் செய்தது. 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் பெண்ணின் தந்தையை விடுவித்தது, ஐந்து பேரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. மரண தண்டனையை எதிர்க்கிறவள் நான். ஆனால் ஏவியவர் என்று குற்றம் சாட்டப்பட்டவர் வெளியே வருவதும் ஏவப்பட்டவர்கள் உள்ளே இருப்பதும் சாதியைத் துளிகூட அசைக்காது.

இதுவரை கதைக்கும் நமக்கும் இருக்கிற ஒற்றுமையைச் சொன்னேன். இனி வேற்றுமையைச் சொல்ல வேண்டும். என் பேச்சில் முக்கியமான பகுதி இதுதான்.

இந்தக் கதைகளில் மனம் படிப்பவரைக் கண்டு மற்றவர்கள் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. அவரால் உண்மையிலேயே உங்கள் ரகசியத்தை எடுக்க முடியும். நினைவை அழிக்க முடியும். அதனால் பார்க்கிற நமக்கே, ஏதாவது ஒரு கட்டுப்பாடு இருக்கத்தானே வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. அடக்குமுறை தவறு, ஆனால் அச்சம் நியாயம் என்ற இடத்தில் கதை நம்மைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறது. ஒடுக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசுவதற்காக அறிவியல் புனைவு கண்டுபிடித்த இந்த உருவகத்தின் பெரிய ஓட்டை இதுதான்.

சாதியில் அச்சத்துக்கு எந்தக் காரணமும் கிடையாது. 2018 ஜூலையில் நம் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் என்ன நடந்தது? அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க அருந்ததியர் பெண் ஒருவர் மாற்றலாகி வந்தார். ஆதிக்க சாதியினர் பள்ளியையே முற்றுகையிட்டார்கள். அதிகாரிகள் அவரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். போராட்டம் நடந்த பிறகுதான் மறுபடியும் அதே பள்ளிக்கு வந்தார், வழக்கும் பதிவானது. அவர் கையில் என்ன இருந்தது? கரண்டி இருந்தது. அவர் சமைத்த சோற்றால் யாருக்கு என்ன ஆகிவிடும்? ஒன்றும் ஆகாது. அந்த ஊர்க்காரர்களுக்கும் அது தெரியும். அவர்கள் அஞ்சியது சோற்றுக்கு இல்லை. தங்கள் பிள்ளைகள் அந்தச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் ஆகாமல் வீட்டுக்கு வந்துவிடுவார்களே என்பதற்குத்தான்.

ஆகவே தொலைக்காட்சியின் கையுறையை நம் தீண்டாமையோடு அப்படியே பொருத்தக் கூடாது. அங்கே தொட்டால் ஏதோ நடக்கிறது. இங்கே தொட்டால் எதுவும் நடக்காது என்பதை மறைக்கத்தான் இத்தனை சாத்திரமும், இரட்டைக் குவளையும், தனிச் சுடுகாடும். எங்களைக் கண்டு பயப்படாதீர்கள், நாங்கள் ஆபத்தில்லாதவர்கள் என்று நிரூபிக்கும் வேலை மனம் படிப்பவருக்கு இருக்கலாம். நமக்கு இல்லை. ஒருபோதும் அதைச் செய்யவும் கூடாது.

கதையின் நல்லவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. விண்வெளி நிலையத்தின் தளபதி ஷெரிடன் கொடுங்கோல் அரசை எதிர்த்துப் போராடுகிற நாயகன். கடைசிப் போரில் அவர் என்ன செய்கிறார் தெரியுமா? எதிரிகளால் உடலில் இயந்திரம் பொருத்தப்பட்டு, உறைநிலையில் கிடந்த மனம் படிப்பவர்களைக் கொண்டுபோய், பூமியின் போர்க்கப்பல்களை முடக்கும் ஆயுதமாகப் பயன்படுத்துகிறார். அவர்களிடம் சம்மதம் கேட்க வழியே இல்லை. போர் வெல்கிறது, சுதந்திரம் வருகிறது. ஆனால் மனம் படிப்பவர்களுக்கான சட்டம் அப்படியே இருக்கிறது. தேர்தல் நேரத்தில் சேரிக்குள் வந்து கொடி கட்டிவிட்டுப் போகிற கட்சிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

இதற்குப் பிறகுதான் பைரன் வருகிறான். தப்பி வந்த மனம் படிப்பவர்களின் தலைவன். முதலில் நிலையத்தின் ஒரு மூலையில் அமைதியாக வாழ இடம் கேட்கிறான். பிறகு, தங்களைப் போன்றவர்களைப் போர் ஆயுதமாகவே வோர்லான் என்ற இனம் உருவாக்கியது என்ற உண்மை லைட்டா மூலம் தெரியவருகிறது. அப்போது அவன் கோரிக்கை மாறுகிறது. எங்களுக்கென்று ஒரு கோள் வேண்டும் என்கிறான். கூட்டணி நாடுகள் மறுக்கின்றன. அவனுடைய ஆட்களில் சிலர் ஆயுதம் எடுக்கிறார்கள். கடைசியில் பைரனும் நெருங்கிய தோழர்களும் தீக்கிரையாகிச் சாகிறார்கள்.

தனி இடம் கேட்பது பைத்தியக்காரத்தனமா? 1942 ஜூலையில் நாக்பூரில் நம் ராவ் பகதூர் என். சிவராஜ் தலைமையில் நடந்த மாநாடு, பட்டியல் சாதி மக்களுக்குத் தனிக் கிராமங்கள் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அந்த மாநாட்டில்தான் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பும் பிறந்தது. அரசியல் நிர்ணய சபைக்காக அம்பேத்கர் 1947-இல் எழுதிய கோரிக்கை மனுவிலும், தரிசு நிலங்களில் தனிக் குடியிருப்புகள் அமைக்க ஓர் ஆணையம் வேண்டும் என்று இருக்கிறது. காரணம் எளிது. ஊருக்கு நூறு வீடு இருந்தால் சேரிக்குப் பத்து வீடு. அந்தப் பத்து வீடும் கூலிக்கு ஊரைத்தான் நம்பியிருக்கின்றன. கூலியை நிறுத்தினால், வழியை அடைத்தால், உரிமை என்று சட்டத்தில் எழுதியிருப்பது காகிதம். தமிழ்நாட்டில் செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்கீரின் 1891 அறிக்கைக்குப் பிறகு வந்த பஞ்சமி நிலங்கள் யார் கையில் இருக்கின்றன என்பதை நினைத்தாலே, நிலம் இல்லாத உரிமை எவ்வளவு நாள் தாங்கும் என்பது விளங்கும். பைரனுக்கும் லைட்டாவுக்கும் புரிந்தது இதுதான். கையுறையைக் கழற்றினால் மட்டும் போதாது. கழற்றிய பிறகு நிற்க இடமும் சாப்பிடச் சோறும் வேண்டும்.

ஆனால் தொடர் இவர்களுக்கு என்ன கொடுத்தது? பைரனின் சாவை விரிவாகக் காட்டியது. லைட்டா பணம் திரட்டி இயக்கத்தை எடுத்துச் செல்கிறாள் என்று சொல்லியது. அதன்பின் பெரிய போர் நடந்து சை கோர் ஒழிந்தது என்பது, 1999-இல் வந்த குருசேட் என்ற அடுத்த தொடரில் பேச்சுவாக்கில் வருகிறது. போரைத் திரையில் காட்டவே இல்லை. அடிமைகள் சாவது ஒரு முழுக் கதையாகிறது, அவர்கள் வெல்வது ஒரு வரியில் முடிகிறது. இது அந்தத் தொடரின் குறை மட்டும் இல்லை. நம் சினிமாவிலும் தலித் பாத்திரம் செத்த பிறகுதான் நாயகனுக்குக் கோபம் வரும்.

இதே ஸ்ட்ராசின்ஸ்கி, வச்சோவ்ஸ்கி சகோதரிகளோடு சேர்ந்து 2015-இல் சென்ஸ்8 என்ற தொடரை உருவாக்கினார். நைரோபி, சியோல், மும்பை, மெக்சிகோ சிட்டி என்று எட்டு ஊர்களில் எட்டுப் பேர். ஒருவர் மனம் இன்னொருவருக்குத் திறந்திருக்கிறது. அவர்களையும் ஓர் அமைப்பு வேட்டையாடுகிறது. ஆனால் இங்கே ஒருவர் மனத்தை இன்னொருவர் திருடுவதில்லை. ஒருவருக்கு அடி விழுந்தால் எட்டுப் பேருக்கும் வலிக்கிறது. சண்டை தெரிந்தவரின் கை, வண்டி ஓட்டத் தெரிந்தவரின் கால் எல்லோருக்கும் பயன்படுகிறது. மனம் படிப்பவர் கதை ஆபத்திலிருந்து தோழமைக்கு நகர்ந்த இடம் அது. 

நமக்கு அந்தத் திறன் இல்லை. பவர்டேபிள் அடிக்கிறவர் மனத்தில் ஓடுவது பக்கத்தில் கைமடிக்கிறவருக்குத் தானாகத் தெரியாது. ஒடிசாவிலிருந்து வந்த பெண்ணின் பயம் புதுக்கோட்டையிலிருந்து வந்த பெண்ணுக்குத் தெரியாது. கேட்டால்தான் தெரியும். சங்கம் என்பது அந்தக் கேட்கிற வேலைதான். அதனால்தான் மில் விடுதி வாசலில் சங்கத்தை நிறுத்துகிறார்கள்.

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். விடுதிக்குள் சங்கம் போக வேண்டும். ஷிப்ட் முடிந்தால் வாசல் திறந்திருக்க வேண்டும். கூலி மாதாமாதம் அந்தப் பெண்ணின் கைக்கே, சட்டம் சொல்கிற அளவில் வர வேண்டும். பாதியில் போனவர்களுக்கும் உழைத்த நாளுக்கு உரியது கணக்குப் பார்த்துக் கொடுக்கப்பட வேண்டும். ஆணவக் கொலைகளுக்குத் தனிச் சட்டம் வேண்டும். பஞ்சமி நிலம் திரும்ப வேண்டும். தொலைக்காட்சி ஒரு வரியில் முடித்துக்கொண்ட போர் இதுதான். நாம் அதை முழுதாகவே நடத்த வேண்டியிருக்கிறது.

 கேள்விகள் இருந்தால் பேசுவோம், தோழர்களே.